வெளிச்சத்துக்கு விலை உண்டு, உழைப்புக்கு இல்லையா?

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ரோபோ என்னும் யந்திரம் கட்டும் மாணவர் குழுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சில குழுக்களின் பிள்ளைகளும், அவர்களுக்குத் துணை நிற்கும் பெற்றோரும், இன்னொரு தொழிலையும் கையிலெடுத்திருக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையிலும் பள்ளிப் பட்டறையிலும் விளக்குப் பலகைகள் செய்து மற்றக் குழுக்களுக்கு விற்கிறார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் குழுவின் எண்ணும் பெயரும் செதுக்கியிருக்கும். சுவிட்சைத் தட்டினால் தகடு இருட்டாகவே நிற்கும்; எழுத்து மட்டும் நீலமாகவோ சிவப்பாகவோ பளிச்சென்று எரியும்.

"கடல் கடந்த தேசத்துப் பிள்ளைகள் செய்யும் அலங்காரச் சாமான் நமக்கு எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பலகையின் விலையைப் பிரித்துப் பாருங்கள். மில்லிலும் வயலிலும் நாம் நாள்தோறும் காணும் விவகாரம் அதற்குள்ளும் இருக்கிறது. தகட்டுக்கு விலை போடுகிறார்கள். விளக்குக்கு விலை போடுகிறார்கள். திருகாணிக்குக்கூட விலை போடுகிறார்கள். செய்த கைக்கு விலை போட மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

போட்டியும் அதன் செலவும்

1989ல் டீன் கேமன் என்ற அமெரிக்கர், புதுக் கருவிகளை அமைப்பதில் பெயர் பெற்றவர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 'ஃபர்ஸ்ட்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்திலும் யந்திரத் தொழிலிலும் ஆசையை உண்டாக்குவது அதன் நோக்கம். வுடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் அவருக்குத் துணை நின்றார். 1992ல் மான்செஸ்டர் என்ற ஊரில், ஒரு உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 குழுக்களோடு முதல் போட்டி நடந்தது. இன்று பல தேசங்களிலிருந்து 3,000க்கு மேற்பட்ட குழுக்கள் கலந்துகொள்கின்றன.

ஜனவரி மாதத்தில் அந்த வருஷத்து ஆட்டத்தின் விதிகளை அறிவிப்பார்கள். சில வாரங்களுக்குள் 50 கிலோ அளவுக்கு எடையுள்ள யந்திரத்தைப் பிள்ளைகள் கட்டி முடிக்க வேண்டும். சிவப்பு அணியில் மூன்று யந்திரம், நீல அணியில் மூன்று யந்திரம் என்று களத்தில் இறங்கும். ஒரு ஆட்டம் மூன்று நிமிஷங்கூட நீடிக்காது. மைதானத்தை ஒட்டி ஒவ்வொரு குழுவுக்கும் பழுது பார்க்க ஒரு சதுரம், பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி, ஒதுக்கித் தருவார்கள். அதைப் 'பிட்' என்பார்கள். சந்தையில் கடை போட்டது போல வரிசை வரிசையாக அந்தச் சதுரங்கள் இருக்கும்.

ஒரு ஆட்டத்தில் கூட்டாளியாக இருக்கும் குழு அடுத்த ஆட்டத்தில் எதிராளியாக நிற்கும். ஆகவே இடைவெளியில் பிள்ளைகள் ஓடிப்போய், அடுத்த கூட்டாளியைத் தேடிப் பிடித்து, ஆட்டத்துக்குத் திட்டம் பேச வேண்டும். அந்தக் கூட்டத்திலும் சத்தத்திலும் எண் கண்ணில் பட வேண்டும். விளக்குப் பலகை வெறும் ஜோடனை அல்ல. அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது.

பிள்ளைகள் கையால் ஒரு யந்திரத்தைக் கட்டுவது நல்ல காரியம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பருவத்துக்குப் பதிவுக் கட்டணம் மட்டும் 6,000 டாலர் அளவில் ஆகிறது. மோட்டார், பாட்டரி, அலுமினியம், பயணம், தங்குமிடம் எல்லாம் அதற்கு மேல். பக்கத்தில் பெரிய தொழிற்சாலை இருக்கும் ஊர்ப் பள்ளிக்குக் கவலை குறைவு. போயிங், ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற கம்பெனிகள் பணம் தருகின்றன. நாஸாவும் மானியம் தருகிறது. கம்பெனியின் பெயர் பிள்ளைகளின் சட்டையிலும் யந்திரத்திலும் ஏறுகிறது. அப்படி ஒருவரும் கிடைக்காத குழு என்ன செய்யும்? பலகாரம் செய்து விற்கும், கார் கழுவும், கைத்தொழில் தெரிந்த குழுவாக இருந்தால் விளக்குப் பலகை செய்து விற்கும்.

பலகை எரிவது எப்படி?

இந்தத் தகட்டுக்கு அக்ரிலிக் என்று பெயர். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் கம்பெனி 1933ல் 'பிளெக்ஸிகிளாஸ்' என்று இதற்குப் பெயர் சூட்டியது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானியின் தலைக்கு மேல் மூடியாக இருந்தது இதுதான்.

தகட்டை நிமிர்த்தி வைத்து, அதன் அடி ஓரத்தில் சிறு விளக்குகள் பதித்த ஒரு பட்டையைப் பொருத்துகிறார்கள். வெளிச்சம் ஓரத்தின் வழியே தகட்டுக்குள் நுழைகிறது. வாய்க்கால் நீர் இரு கரைக்கும் நடுவில் ஓடுவது போல, அது தகட்டின் இரு முகங்களுக்கும் நடுவில் மோதி மோதித் திரும்பி ஓடுகிறது. கரை உடைந்த இடத்தில் நீர் வெளியே பாயும் அல்லவா? அதுபோலச் செதுக்கிய இடத்தில் மட்டும் வெளிச்சம் வெளியே சிதறுகிறது. அதனால்தான் எழுத்து எரிகிறது, தகடு எரிவதில்லை. 1840களின் தொடக்கத்தில் ஜெனீவா நகரத்தில் கொலாடோன் என்ற பேராசிரியர், வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் வெளிச்சத்தை ஓடவிட்டு இந்த உண்மையை ஜனங்களுக்குக் காட்டினார்.

சொல்வதற்குச் சுலபம், செய்து பார்த்தால்தான் வேலை தெரியும். எழுத்தைத் தகட்டின் பின்பக்கத்தில், கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்; அப்போதுதான் முன்பக்கம் வழவழப்பாக நிற்கும். ஆழம் ஒரே சீராக இல்லாவிட்டால் ஒரு எழுத்து பிரகாசமாகவும் அடுத்த எழுத்து மங்கலாகவும் தெரியும். வெளிச்சம் நுழையும் ஓரத்தில் ரம்பத்தின் வடு இருக்கலாகாது. மணல் தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். விளக்குப் பட்டையைக் குறியிட்ட இடத்தில்தான் வெட்டலாம். பல பட்டைகளில் மூன்று விளக்குக்கு ஒரு குறி இருக்கும். பிறகு கம்பியை ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். மரத்தில் அடிப்பீடம் அறுத்து, குடைந்து, தகட்டை அதில் ஆடாமல் நிறுத்த வேண்டும்.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. லேசர் யந்திரத்தில் செதுக்குபவர்கள் அக்ரிலிக் என்று நினைத்துப் பி.வி.சி. தகட்டை வைத்துவிட்டால், அமில வாயு கிளம்பி நுரையீரலை அரிக்கும், யந்திரமும் துருப்பிடிக்கும். பட்டைக்கு 12 வோல்ட் போதும். அது உடம்பை அதிர வைக்காது. ஆனால் யந்திரத்தின் பாட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து, நடுவில் ஃபியூஸ் போடாவிட்டால், கம்பி ஒன்றோடொன்று உரசிய கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும். வீட்டு மின்சாரத்தில் எரிய வைப்பதானால் சோதித்து முத்திரையிட்ட அடாப்டரை வாங்க வேண்டும். பிள்ளைகள் தாமே செய்யத் துணியலாகாது. இத்தனையும் தெரிந்து செய்பவனுக்குத் தொழிலாளி என்ற பெயரைத் தவிர வேறென்ன பெயர்?

கணக்கைப் போடுவோம்

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு பலகைக்குத் தகடு, விளக்குப் பட்டை, அடாப்டர், மரம், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்ந்து 30 டாலர் ஆகிறது என்று வையுங்கள். வாங்குகிற குழுவும் நம்மைப் போன்ற பிள்ளைகள்தானே என்று 40 டாலருக்குக் கொடுக்கிறார்கள். "பத்து டாலர் லாபம்" என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

இது லாபமா? வரைந்து, செதுக்கி, மெருகேற்றி, பற்றவைத்து, பெட்டியில் கட்டுவதற்குள் 5 மணி நேரம் ஆகியிருந்தால், மணிக்கு விழுந்தது 2 டாலர். அமெரிக்க மத்திய சர்க்காரின் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அதுவும் 2009லிருந்து உயராமல் நிற்கிறது. அந்தக் கூலியிலும் மூன்றில் ஒரு பங்குகூட இந்தப் பிள்ளைகளின் மணிக்குக் கிடைக்கவில்லை. இதற்குள் செதுக்கும்போது கீறல் விழுந்து வீணாய்ப்போன தகடு சேரவில்லை. மழுங்கிப்போன ஊசி சேரவில்லை. அஞ்சலில் உடைந்ததற்குத் திருப்பிச் செய்து கொடுத்தது சேரவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போவோம். பலகைக்கு 10 டாலர் மிஞ்சினால், 6,000 டாலர் கட்டணம் சேர 600 பலகைகள் விற்க வேண்டும். அதற்கு 3,000 மணி நேரம். இருபது பிள்ளைகள் உள்ள குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 150 மணி நேரம்! படிப்பு எப்போது? யந்திரம் கட்டுவது எப்போது? தூக்கம் எப்போது?

சட்டக் கூலியைச் சேர்த்து விலை போட்டால் என்ன ஆகும்? 5 மணிக்கு 36 டாலர் 25 சென்ட். பலகையின் விலை 66 டாலர் 25 சென்ட். அப்போது 166 பலகைகள் போதும். 830 மணி நேரம். அதுவும் சிறிய சுமையல்ல. ஆனாலும் இரண்டு கணக்குக்கும் நடுவில் 2,170 மணி நேர வித்தியாசம் இருக்கிறது. அத்தனை மணியையும் அந்தப் பிள்ளைகள் சும்மா கொடுத்தார்கள் என்பதை நோட்டில் எவரும் எழுதவில்லை.

தறிக்காரர் வீட்டில் மனைவியும் மக்களும் நூல் சுற்றிக் கொடுக்கிறார்கள். சேலைக்குக் கூலி பேசும்போது அந்தக் கைகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. "வீட்டு வேலைதானே" என்ற இரண்டே சொல்லில் அது மறைந்துவிடுகிறது. கொட்டகையில் பிள்ளைகள் செய்யும் வேலையும் அதே இரண்டு சொல்லில்தான் மறைகிறது.

நீல விளக்கின் கதை

அந்தப் பட்டையில் எரியும் விளக்குக்கும் இதே போன்ற கதை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. விளக்கை 1962ல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்துகாட்டினார். நீலம் மட்டும் முப்பது வருஷங்களுக்கு மேல் வசப்படவில்லை. ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஷூஜி நாகமுரா, 1993ல் பிரகாசமான நீல விளக்கைச் செய்து முடித்தார். நீலம் வந்த பிறகுதான் வெள்ளையும் வந்தது. நீல விளக்கின்மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசி வெள்ளை விளக்கு செய்கிறார்கள். நம் தெரு விளக்கு முதல் கைபேசி வரை அந்த வெளிச்சம்தான் எரிகிறது.

கண்டுபிடித்தவருக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி என்ன தெரியுமா? 20,000 யென், அமெரிக்கப் பணத்தில் இருநூறு டாலர் அளவுக்குத்தான். அவர் கம்பெனியை விட்டு விலகி வழக்குத் தொடர்ந்தார். 2004 ஜனவரியில் டோக்கியோ ஜில்லா நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னது. கம்பெனி மேல் முறையீடு செய்தது. 2005 ஜனவரியில் 84 கோடி யென்னில் சமரசம் ஆயிற்று. 2014ல் இஸாமு அகாஸாகி, ஹிரோஷி அமானோ என்ற இருவரோடு சேர்த்து நாகமுராவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெரும் படிப்புப் படித்து, உலகமே புகழும் காரியத்தைச் செய்தவர்கூடத் தம் உழைப்பின் விலையைக் கேட்டு வாங்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. கேட்காதிருந்தால் 20,000 யென்னோடு கதை முடிந்திருக்கும். உழைப்பின் விலை தானாக வந்து கையில் விழுவதில்லை.

விற்க வேண்டிய நிலை ஏன் வந்தது?

ஒரு பள்ளியில் பட்டறையும் பணமும் இருக்க, இன்னொரு பள்ளி பலகை விற்றுப் பிழைக்க வேண்டியிருப்பது ஏன்? அமெரிக்கப் பள்ளிகளின் வரவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அந்தந்த வட்டாரத்திலேயே திரட்டப்படுகிறது. அதில் பெரும்பகுதி வீட்டுக்கும் நிலத்துக்கும் போடும் வரி. பங்களாக்கள் உள்ள வட்டாரத்தில் வரி கொட்டும். கூலிக்காரர்கள் வாழும் வட்டாரத்தில் எவ்வளவு உயர்த்திப் போட்டாலும் தேறாது.

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஸான் அண்டோனியோ நகரத்தில் இது அம்பலமாயிற்று. எட்ஜ்வுட் என்பது மெக்ஸிகோ வம்சாவளி ஏழைகள் வாழும் வட்டாரம். அலமோ ஹைட்ஸ் என்பது பணக்காரர் வட்டாரம். எட்ஜ்வுட்டில் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி. அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். அப்படியிருந்தும் 1967-68 பள்ளி வருஷத்தில் எட்ஜ்வுட்டால் உள்ளூர் வரியிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகச் சேர்க்க முடிந்தது 26 டாலர்; அலமோ ஹைட்ஸ் சேர்த்தது 333 டாலர். அதிக வரி கட்டியவனின் பிள்ளைக்குக் குறைந்த படிப்பு!

இதைப் பொறுக்காமல் 1968ல் எட்ஜ்வுட் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். முன்னே நின்றவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ், விமானத் தளத்தில் தகடு வேலை செய்த தொழிலாளி. 1973ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லையாம்! நீதிபதி துர்குட் மார்ஷல் அதை மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். அதன் பிறகு பெற்றோர்கள் மாநில நீதிமன்றங்களில் போராடிச் சில இடங்களில் நிவாரணம் பெற்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

ஆகவே பிட் வரிசையில் இரண்டு விளக்குப் பலகைகள் அக்கம் பக்கமாக எரியும்போது, இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒன்று கம்பெனிப் பணத்தில் கடையில் சொல்லிச் செய்தது. மற்றொன்று இரவு பதினோரு மணிவரை கண் விழித்துச் செய்தது. வெளிச்சத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

"இது படிப்பல்லவா?"

"பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். கற்பதற்குக் கூலி கேட்பதா?" என்று சிலர் வாதிப்பார்கள். இந்த வாதத்தை நாம் ஒதுக்கிவிடவில்லை. முதல் பலகை படிப்புத்தான், இரண்டாவதும் படிப்புத்தான். பத்தாவது பலகை ஆர்டருக்குச் செய்வது, இன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டியது. அது உற்பத்தி. அதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? உற்பத்தியாக மாறியதைப் படிப்பென்று சொல்வதுதான் தகராறு. பயிற்சி என்ற பெயரில் பையன்களை வருஷக்கணக்கில் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதைப் பார்த்த மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தன் ஒரு மணி நேரத்துக்கு விலையில்லை என்று பதினாறு வயதில் பழகியவன், இருபத்தாறு வயதில் கம்பெனி வாசலில் நிற்கும்போது என்ன கேட்பான்? கொடுத்ததை வாங்கிக்கொள்வான். அதுவும் ஒரு படிப்புத்தான், வேண்டாத படிப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே ஊரில் பெயர்ப்பலகை எழுதியே குடும்பம் நடத்தும் சிறு தொழிலாளி இருப்பான். பிள்ளைகள் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் 40 டாலருக்குக் கொடுத்தால், அவன் 66 டாலர் சொல்ல முடியுமா? பிள்ளைகளுக்கு அவன்மேல் விரோதம் கிடையாது. இருந்தாலும் கணக்கில் வராத உழைப்பு, கணக்கில் வரும் உழைப்பின் விலையையும் இழுத்துக் கீழே தள்ளிவிடும்.

செய்யக் கூடியது என்ன?

பலகை செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கை முழுவதும் எழுதச் சொல்கிறோம். பட்டறைச் சுவரில் ஒரு நோட்டுத் தொங்கட்டும். யார், எந்தப் பலகையில், எத்தனை மணி வேலை செய்தார் என்று அன்றன்றே எழுதட்டும். வீணான தகட்டையும் எழுதட்டும். விலை போடும்போது சாமான் செலவுக்குக் கீழே கை வேலை என்று ஒரு வரி இருக்கட்டும். ஏழைக் குழுவுக்குச் சலுகை காட்ட மனமிருந்தால் காட்டட்டும். ஆனால் "இத்தனை மணி உழைப்பைத் தோழமையாகக் கொடுத்தோம்" என்று சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். கொடுத்தது என்னவென்று கொடுத்தவனுக்கும் தெரிய வேண்டும். வாங்கியவனுக்கும் தெரிய வேண்டும்.

அந்த நோட்டைப் பள்ளி நிர்வாகத்தின் மேஜையில் வைக்கலாம். "எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கட்டணத்துக்காக மட்டும் இத்தனை மணி உழைத்திருக்கிறார்கள், பக்கத்து வட்டாரத்துப் பிள்ளைகள் ஒரு மணிகூட உழைக்கவில்லை" என்று பெற்றோர்கள் எழுந்து கேட்கலாம். ரோட்ரிகஸ் கையில் வரிக் கணக்கு இருந்தது. இவர்கள் கையில் மணிக் கணக்கு இருக்கட்டும். சட்டையில் பெயர் போடக் கேட்கும் கம்பெனியிடமும் அதே நோட்டைக் காட்டலாம். ஏழைப் பள்ளிக்குக் கட்டணத்தைக் குறைக்கும்படி போட்டி நடத்துகிறவர்களிடமும் கேட்கலாம்.

நிற்க. ரோபோ என்ற சொல்லின் பிறப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1920ல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய ஒரு நாடகத்தில்தான் இந்தச் சொல் முதலில் வந்தது. செக் மொழியில் 'ரோபோடா' என்றால் பண்ணையாருக்காகக் குடியானவன் கூலியில்லாமல் செய்த கட்டாய வேலை. நம் கிராமங்களில் அதை வெட்டி என்பார்கள். வயலில் நின்ற கிழவர்களைக் கேட்டால் அது என்ன என்று சொல்வார்கள்.

யந்திரம் வெட்டி வேலை செய்யட்டும். அதற்காகத்தான் அதைக் கட்டுகிறோம். அதைக் கட்டும் பிள்ளைகள் வெட்டி வேலை செய்ய வேண்டாம். அடுத்த பலகைக்கு விலை போடும்போது, முதல் வரியில் அவர்கள் தங்கள் கையின் விலையை எழுதட்டும்.